நோ வரமுன்னம் குடுத்த குளிசை

கண்டி
12.03.2007

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் தவநிதி எழுதுறன். நான் நல்ல சுகம். உங்கட முழங்கால் நோ இப்ப எப்பிடி?

போன கிழமை எங்கட ஆசுப்பத்திரி வாட்டில குசுமாவதி எண்ட சிங்கள அம்மா ஒராளுக்கு முழங்கால் மாத்திற ஒப்பரேசன். அவவின்ர மகன் ஆமியில. ஒப்பரேசனுக்கு முன்னம் நோக் குளிசை குடுக்கப் போனன். நேர்ஸ் சட்டையில குத்தியிருந்த என்ர தமிழ்ப் பேரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிட்டா.

"படுத்திருக்க நோகேல்லையே, ஏன் குளிசை?" எண்டு சிங்களத்தில கேட்டா.

நான் விடேல்லை. கதிரையை இழுத்துப்போட்டுப் பக்கத்தில இருந்தன். "வெட்டின பிறகு வாற நோவைக் குறைக்க இப்பவே குடுக்கவேணும். என்ர அம்மாவுக்கெண்டாலும் இதைத்தான் குடுப்பன்" எண்டன். என்ர பக்கம் திரும்பிக் குளிசைக்குக் கையை நீட்டினா.

ஒப்பரேசன் முடிஞ்ச அடுத்தநாள் என்ர தோளைப் பிடிச்சு ஆறடி நடந்தா. "நோகுது மகள், ஆனா தாங்கலாம்" எண்டா.

சண்டையால பூட்டின பாதை திறந்த உடன உங்களை இஞ்ச கூட்டிவந்து ஒப்பரேசன் செய்விப்பன். மாட்டன் எண்டு சொல்லாதேங்கோ. எக்ஸ்ரே படத்தைக் கப்பலில வாற ஆரிட்டையாவது குடுத்துவிடுங்கோ. அதோட நீங்கள் உடுத்த சீலை ஒண்டும் வையுங்கோ. இஞ்ச குளிர், போர்க்கத்தான். தோய்க்கவேண்டாம்.

டியூட்டிக்கு மணியாச்சு, ஓடுறன்.

உங்கட
தவநிதி