கையில் இருந்த கல்

இன்று காலை கொல்லன் பட்டறையைக் கடக்கும்போது பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் முக்கினார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் என் கால் நின்றுவிட்டது. உன் புண்ணில் வைத்ததும் அப்படிக் காய்ச்சிய இரும்புதான்.

நம் ஊர் பசியாவரத்தில் உன்னைப் போல வலை இழுக்க ஆள் கிடையாது. பிறந்தது முதலே உன் இடது முழங்கைக்குக் கீழே நீலமாக ஒரு வீக்கம். அழுத்தினால் உள்ளே நாலைந்து கற்கள் உருளும். சின்ன வயதில் என் விரலைப் பிடித்து வைத்து எண்ணச் சொல்வாய். சிரிப்போம்.

பிறகு மீனே படாத வருஷம் ஒன்று வந்தது. நீ போன படகு உன் மாமாவுடையது. கல் உள்ள கை தொட்டதால்தான் வலை வெறுமனே வருகிறது என்று அவர் ஊரெல்லாம் சொல்லி, உன்னைக் கரையில் நிறுத்தினார். பத்து வருஷம் அவருக்காக உழைத்தவன் நீ. இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன்.

நான் ஒல்லாந்தர் கோட்டையில் துபாஷி. அவர்கள் பேசுவதைத் தமிழில் சொல்கிறவன். அங்கிருந்த ஒல்லாந்து வைத்தியரிடம் உன்னை அழைத்துப் போனேன். புடைத்த நரம்பில் ரத்தம் தேங்கி உறைந்து, நாளாக ஆகச் சுண்ணாம்பு போலக் கெட்டியாகியிருக்கிறது, உயிருக்கு ஒன்றுமில்லை, அப்படியே விட்டுவிடலாம் என்றார் அவர். உனக்கு அது போதவில்லை.

"உசுருக்கு ஒண்ணுமில்லன்னா இன்னா? கல்லோட என்னைப் படகுல ஏத்துவாரா மாமா?" என்றாய்.

மறுவாரம் நான் வேலையாகக் காட்டூர் போயிருந்தேன். மாமா நாவிதரை வரவழைத்து அறுக்கச் சொன்னார். நீயே கையை நீட்டினாயாம். ரத்தம் நிற்கவில்லை. இரும்பைக் காய்ச்சி வைத்தும் நிற்கவில்லை. நான் திரும்பியபோது உன்னைப் புதைத்திருந்தார்கள்.

ஊர்க் கூட்டத்தில் மாமா, அந்தக் கல்தான் உன்னைக் கொன்றது என்றார். நான் எழுந்தேன்.

"கல்லு பொறந்ததுலேருந்து அவன்கூட சும்மாத்தான் இருந்துச்சு. கொன்னது நீங்க."

அதற்குப் பிறகும் மாமாவின் வலையில் மீன் படவில்லை. யார் கையில் என்ன இருந்தது என்று ஒருவரும் தேடவில்லை.

உன்மீதும் எனக்குக் கோபம். ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமே.

ஆனால் வைத்தியர் அன்று இன்னொன்றும் சொன்னார். அறுத்தால் ரத்தத்தை நிறுத்த முடியாது என்றார். நீ ஏற்கெனவே முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தாய். பயந்துவிடுவாய் என்று அதை மட்டும் நான் தமிழில் சொல்லவில்லை. கூட்டத்தில் அவ்வளவு கத்தியவனுக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை. இன்றுதான் சொல்கிறேன், உன்னிடம்.

இப்போதெல்லாம் கோட்டையில் யார் என்ன சொன்னாலும் ஒரு சொல் விடாமல் சொல்லிவிடுகிறேன், கேட்பவர் அழுதாலும். ஈரமில்லாதவன் என்கிறார்கள். என்னவோ சொல்லிக்கொள்ளட்டும்.