ஐந்து பேருக்கு ஸ்தோத்திரக் காணிக்கை

கருங்கல்

அன்பு மகன் எட்சனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் உன் அக்காள் சஜிதாவும் நலமாயிருக்கிறோம், ஹூஸ்டனில் நீயும் சுஜியும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் காகிதம்.

ஆஸ்பத்திரியில் ஐந்து கரு உருவாகி எல்லாம் ஐஸில் பத்திரமாக இருக்கிறது என்று நீ சொன்ன வாரமே கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டேன். உறையின்மேல் ஐந்து பேரப்பிள்ளைகளுக்காக என்று எழுதிவிட்டேன், போதகர் அதை அப்படியே வாசித்துவிட்டார். ஆராதனை முடிந்ததும் பக்கத்து வீட்டுக் குளோரி வந்து ஒரே பிரசவத்திலா என்று கேட்டாள். இன்னும் ஒன்றுகூடப் பிறக்கவில்லை என்றேன். அப்படியானால் இது அட்வான்ஸா என்றாள்.

பிறகு உன் செய்தி வந்தது. நோய், உயரம், படிப்பு எல்லாம் முன்கூட்டியே பார்த்துச் சொல்கிறார்களாம், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணமாம். மார்த்தாண்டம் சந்தையில் நேந்திரங்குலை தரம் பிரிப்பதுபோல என்றார் அப்பா. படிப்புக்கு மட்டும் பணம் கட்டாதே மகனே, பத்தாம் வகுப்பில் உன்னைப் பார்த்தவர்கள் யாரும் அமெரிக்கா என்று சொல்லியிருக்க மாட்டார்கள். நான்கு நல்ல தரம், ஒன்றுக்கு மட்டும் அக்காளைப்போலக் காது கேட்காது, சுஜி வீட்டு இரத்தத்திலும் அது இருக்கிறதாம், அதனால் அதை வேண்டாம் என்று கையெழுத்துப் போடப் போகிறோம் என்று எழுதியிருந்தாய். எழுதியது குடும்பக் குழுவில். அதில் சஜிதாவும் இருக்கிறாள், நம் வீட்டில் எதையும் முதலில் வாசிப்பவள் அவள்தான்.

நீ கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை, பிள்ளை கஷ்டப்படக்கூடாது என்றுதான் நினைத்தாய். அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவள் நான், கஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவளை வேண்டாம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. உன் செய்தியை வாசித்த அன்றும் அவள் தன் தையல் கடையைத் திறந்து, ஒரு கல்யாண பிளவுஸை முடித்துக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வந்து என்னிடம் கைச்சாடையில் கேட்டாள்: “அந்த ஒண்ண எனக்குத் தரச் சொல்லும்மா. வளக்க எனக்குத் தெரியும்.” அதெல்லாம் பார்சலில் வராதே மக்கா என்று அப்பா வாயசைத்துச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அமெரிக்காவுக்கு விசா எடுக்க எங்கே போகவேண்டும் என்று கேட்டாள்.

சுஜியைக் கனமான எதையும் தூக்க விடாதே, நேரத்துக்குச் சாப்பிடச் சொல். எதை வைப்பது எதை விடுவது என்பது உங்கள் இருவர் காரியம், நான் தலையிடவில்லை. கர்த்தர் உங்கள் வீட்டைப் பிள்ளைச் சத்தத்தால் நிரப்புவாராக. ஒன்று மட்டும் மறக்காதே, கையெழுத்துப் போடும் முன்னால் பதில் எழுது. எனக்கு வேண்டாம், அக்காளுக்கு எழுது. அவள் போனைக் கீழே வைக்காமல் இருக்கிறாள்.

உன் அம்மா,
ராகேல்