குருவம்மாளின் நான்காம் அத்தியாயம்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
9.4.1989

அன்புள்ள அத்தானுக்கு,

குருவு எழுதுவது. இங்கே அத்தையும் நானும் சுகம். ஜெர்மனியில் குளிர் விட்டதா? முன்பு ஒரு கடிதத்தில் இருமல் என்று எழுதினீர்கள். அதன்பிறகு அதைப் பற்றி மூச்சே விடவில்லை.

ஆய்வேட்டைப் போன மாதம் மதுரையில் சமர்ப்பித்துவிட்டேன். ராஜபாளையத்துக் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, அப்புறம் கணக்கு. இப்படியே ஏழு வருஷம் போயிற்று. காட்மியம் அணுக்கருவின் தாழ்ந்த கிளர்வு நிலைகள் இனி என் கனவிலாவது வராமல் இருந்தால் சரி. நான்காம் அத்தியாயத்தைத்தான் பேராசிரியர் தூக்கிவைத்துப் பேசினார். அணுக்கரு ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறும் வலிமைக்கு நீங்கள் பம்பாயில் அளந்து எழுதி அனுப்பிய மதிப்பு எதிர்பார்த்ததைவிட அவ்வளவு பெரிதாக இருந்ததே, அது ஏன் என்று காரணம் சொல்லும் அத்தியாயம். இந்த அணுக்கரு நாம் நினைத்ததைவிட நெகிழ்வானது என்று நாற்பது பக்கத்தில் நிறுவியிருக்கிறேன். "இது ஒண்ணே போதும்மா, பட்டம் உறுதி" என்றார்.

ஜனவரியிலேயே உங்களுக்குத் தட்டச்சுப் பிரதி அனுப்பினேன். ஊரெல்லாம் புகழ்ந்து என்ன, வீட்டுக்காரர் வாயைத் திறக்கக் காணோம்.

வாய்மொழித் தேர்வு ஆகஸ்டில் இருக்கும். முடிந்த கையோடு விமானம் ஏறிவிடுவேன். அத்தை தினமும் கேட்கிறார்: "எம்புட்டு நாளைக்குத்தான் ஆளுக்கொரு ஊர்ல கெடப்பிய? பேரப்பிள்ளையைக் கண்ணுல காட்டாமலே என்னைய அனுப்பிருவிய போலிருக்கே." எனக்கு முப்பத்தாறு நடக்கிறது. எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

உங்கள்
குருவு


கொலோன்,
3.5.1989

அன்புள்ள குருவு,

உன் கடிதம் கிடைத்தது. இருமல் போய்விட்டது, கவலைப்படாதே. நாம் இருவரும் இருக்க இரண்டு அறை உள்ள வீடு பார்த்துவிட்டேன். சமையலறை ஜன்னலிலிருந்து டிராம் போவது தெரியும். உனக்குப் பிடிக்கும்.

துகள் முடுக்கியில் எங்கள் முறை வரும் நாட்களில் தூக்கம் கிடையாது. டிடெக்டருக்குத் திரவ நைட்ரஜன் ஊற்றிவிட்டு, காமா கதிர்கள் ஒவ்வொன்றாக எண்ணப்படுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். நீ பக்கத்தில் இருக்கக் கூடாதா என்றிருக்கும்.

அத்தியாயத்தைப் படித்தேன். உன் ஆங்கிலம் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. கொடுத்தாகிவிட்டது, இனிமேல் அதைப் புரட்டாதே. உடம்பைப் பார்த்துக்கொள். பம்பாய் அளவீடு பற்றிய என் கட்டுரை அச்சாகிவிட்டது. பிரதி அனுப்பவில்லை, நீ இங்கே வந்தே பார்த்துக்கொள்ளலாம். வரும்போது மல்லிப்பொடியும் சுண்டவற்றலும் கொண்டு வா. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்
சுந்தரபாண்டியன்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
25.6.1989

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் வந்து பார் என்றால் எனக்குப் பொறுமை ஏது? மதுரைப் பல்கலைக்கழக நூலகத்துக்கே போய் உங்கள் கட்டுரையைப் பார்த்துவிட்டேன். உங்கள் பெயரை அச்சில் தடவிப் பார்த்தேன். கடைசி அட்டவணையில் ஆறு பேருடைய கணக்குகளோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். என்னுடையதைக் காணோம். பெண்டாட்டி என்று கூச்சப்பட்டு விட்டுவிட்டீர்களாக்கும் என்று முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. அந்த ஆறோடு என் கணக்கு எங்கே சேராமல் போகிறது பார்ப்போம் என்று அங்கேயே உட்கார்ந்தேன்.

அட்டவணைத் தலைப்பில் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள், அது அடிநிலையிலிருந்து முதல் நிலைக்கு ஏறுவதற்கு உரிய மதிப்பு என்று. பம்பாயிலிருந்து எனக்கு வந்தது வெறும் எண். காமா கதிரை விட்டுவிட்டு அணுக்கரு கீழே இறங்குவதைத்தானே நான் கணக்குப் போடுகிறேன், அதனால் இறங்குவதற்கு உரியது என்று எடுத்துக்கொண்டேன். ஏறுவதற்கு உரியது இறங்குவதற்கு உரியதைப்போல ஐந்து மடங்கு. ஐந்தால் வகுத்துவிட்டால் இந்த அணுக்கருவில் விசேஷம் ஒன்றுமே இல்லை. நாற்பது பக்கமும் இல்லாத ஒன்றுக்கு நான் சொன்ன காரணம்.

இதில் யாரைக் குறை சொல்ல? நீங்கள் எழுதவில்லை, நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுதேன். அத்தை பதறிப்போனார். விஷயத்தை அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். "அம்புட்டுத்தானா? அவன்ட்ட ஒரு தடவை காட்டியிருந்தா அப்பவே சொல்லியிருப்பானே" என்றார்.

ஜனவரியிலேயே காட்டினேனே அத்தான். கட்டுரையின் தலைப்புக்குக் கீழே, அது பத்திரிகைக்கு வந்து சேர்ந்த தேதி பிப்ரவரி பதினொன்று என்று போட்டிருக்கிறது. நான் ஆய்வேட்டைக் கொடுத்தது மார்ச்சில். தெரிந்துதான் என் கணக்கை விட்டீர்களா? ஆமாம், இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும்.

குருவு


கொலோன்,
14.7.1989

குருவு,

ஆமாம். உன் பிரதியைப் படித்த அன்றே தெரிந்துவிட்டது. தப்பான எண்ணை என் பெயரோடு அச்சில் போடக் கை வரவில்லை, விட்டுவிட்டேன். உனக்கு எழுத உட்கார்ந்து கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். சொன்னால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாதா? எல்லாவற்றையும் முதலிலிருந்து போடுவாய். இன்னும் இரண்டு வருஷம் ஓடிவிடும். கல்யாணமாகி நாம் ஒரு வீட்டில் சேர்ந்தாற்போல் ஒரு வருஷம் இருந்ததுண்டா? முதலில் என் பம்பாய், அப்புறம் உன் ஆய்வு.

தேர்வாளர்கள் கவனிக்க மாட்டார்கள். பட்டத்தை வாங்கிக்கொண்டு வா, இங்கே இருவரும் உட்கார்ந்து திருத்தம் எழுதி வெளியிடலாம். எனக்கு இனிமேல் தனியாக இருக்கத் தெம்பில்லை. எனக்கு என் பெண்டாட்டி வேண்டும், அவ்வளவுதான். உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், ஆய்வேட்டைத் திரும்ப வாங்காதே.

சுந்தரபாண்டியன்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
10.8.1989

அத்தானுக்கு,

ஆடிப்பூரத் தேருக்காகப் பஸ்களை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அதுவரை நடந்துபோய் ஏறி, மதுரைக்குப் போனேன். ஆய்வேட்டைத் திரும்ப வாங்கிவிட்டேன். பேராசிரியர் கோபப்படவில்லை. "யாருக்கும்மா தெரியப்போவுது?" என்றுதான் கேட்டார். "ஒருத்தருக்குத் தெரியும் சார்" என்றேன். நான் என்னைச் சொல்லிக்கொள்வதாக அவர் நினைத்துக்கொண்டார்.

உங்கள் ஆசையை நான் சந்தேகப்படவில்லை. எனக்கும் அதே ஆசைதான், உங்களைவிட ஒரு படி கூடவே இருந்தது. ஆனால் என் கணக்கை உங்கள் அளவீட்டுக்கு எதிரே வைத்தால், சரி தப்பு என்று நீங்கள் முகத்துக்கு நேரே சொல்வீர்கள் என்று நம்பினேன். ஊர் ஊராகப் பிரிந்து கிடந்தபோது நமக்குக் குடித்தனம் என்று இருந்தது அது ஒன்றுதான். பத்திரிகைக்கு உண்மையாக இருந்தீர்கள். எனக்கு, ஆங்கிலம் நன்றாக இருக்கிறது என்று எழுதினீர்கள். இனி நான் வைத்த குழம்பு நன்றாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னால்கூட நம்ப மாட்டேன். அப்படி ஒரு வீட்டில் உங்களோடு இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லிவிட்டேன். "அவன் வரச் சொல்லலையா?" என்று அத்தை கேட்டார். "வரத்தான் சொன்னாரு, நான்தான் போகலை" என்றேன். அவர் என்னைத் திட்டிக்கொண்டே இங்கேயே இருக்கட்டும். அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கணக்கை மறுபடி தொடங்கிவிட்டேன். நீங்கள் எனக்கு இனி எண்கள் எழுதி அனுப்ப வேண்டாம். மற்றவர்கள் எடுத்துக்கொள்வதுபோல, உங்கள் கட்டுரையைப் பார்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குருவம்மாள்