ல்வூவுக்கு மேற்கே ஒரு கோடு

1943 டிசம்பர் 1, தெஹ்ரான்
பிரிட்டன், அமெரிக்கா, ருஷ்யா மூன்று நாடுகளின் தலைவர்களும் இன்று நெடுநேரம் பேசினார்கள். பிறகு எங்கள் பிரிட்டிஷ் அதிகாரி என் வரைபட மேசைக்கு வந்து, போலந்தின் கிழக்கு எல்லை போருக்குப் பின் எங்கே வரும் என்று பென்சிலால் காட்டினார். நான் மையால் வரைந்தேன். கோடு போலந்தின் ல்வூவ் நகருக்கு மேற்கே போகிறது. ஊர் ருஷ்யாவுக்கு.

அது லுத்விக்கின் ஊர்.

டிசம்பர் 19, லண்டன்
எதிர் அறையில் குடியிருக்கும் போலிஷ் லெப்டினன்ட் லுத்விக் தேநீருக்கு வந்தார். ஸ்காட்லாந்தில் பயிற்சி கொடுக்கும் வேலை தருகிறார்களாம். வேண்டாம் என்கிறார்.

“அங்க ஆடுங்களுக்குப் பாடம் எடுக்கவா? இத்தாலி வழியா வீட்டுக்குப் போறேன், மிஸ் ஹெஸ்டர். கொஞ்சம் சுத்து வழி, அவ்வளவுதான்.”

சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். “பெரிய ஆளுங்க பக்கத்துல இருந்துட்டு வந்திருக்கீங்க. ரகசியமெல்லாம் வேண்டாம். எங்க ஊர் எங்களுக்குத்தானே?”

“அதுல என்ன சந்தேகம்?” என்றேன்.

வாயைத் திறக்க மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்திருந்தேன். பொய் சொல்வேன் என்று இல்லையே. ஏன் சொன்னேன்?

1944 ஜனவரி 8
லுத்விக் இத்தாலிப் போர்முனைக்குப் போய்விட்டார்.

மே 27
இத்தாலியில் ஜெர்மானியர் வசமிருந்த மலையைப் போலிஷ் படை பிடித்துவிட்டதாம். பத்திரிகை முழுக்கப் புகழ்ச்சி. லுத்விக் உயிரோடு இருக்கிறார். வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது.

1945 பிப்ரவரி 13
போலந்து எல்லை பற்றிய யால்டா மாநாட்டு முடிவு இன்று பேப்பரில் வந்துவிட்டது. இத்தாலியிலிருந்து திரும்பியிருந்த லுத்விக் அதைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார்.

“தெஹ்ரான்லயே தெரியுமா?”

“தெரியும்.”

பேப்பரைக் கக்கத்தில் செருகினார். “சொல்லியிருந்தாலும் போயிருப்பேன். எங்க ஆளுங்க போறப்ப நான் எப்படி நிக்கறது? ஆனா தெரிஞ்சே போயிருப்பேன்ல?”

கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். அறைந்து சாத்தியிருக்கலாம். திட்டியாவது இருக்கலாம் — ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை.

1947 மார்ச் 4
இரண்டு வருஷம் கழித்து என் கதவைத் தட்டினார். இங்கேயே தங்குவதற்கான விண்ணப்பம். இடது கையால் இன்னும் சரியாக எழுத வரவில்லை.

“சொந்த ஊர் ல்வூவ்,” என்றார். “அடுத்தது நாடு. நீங்களே எழுதுங்க. கோடு போட்டவங்க நீங்கதானே.” குரலில் கோபமே இல்லை.

போலந்து என்று எழுதினேன்.

மார்ச் 17
விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. நாட்டின் பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம். போலந்தை அடித்துவிட்டு ருஷ்யா என்று நான்தான் எழுதினேன். லுத்விக் வாசித்துப் பார்க்கவில்லை. கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டு, “ரொம்ப தேங்க்ஸ், மிஸ் ஹெஸ்டர்,” என்றார்.