ஏழாம் நிலையத்தில் யாரும் இல்லை

பயண நாள் 112, காலை 06:30

சரக்குக் கப்பல் ‘வலம்புரி’. ஓட்டுநர் ரெஜினா மோத்தா. காற்றுச் சுத்திகரிப்பு சரி. தண்ணீர் சரி. இடப்பக்க உந்தியில் நேற்றைய அதிர்வு இன்றும் இருக்கிறது, கவலைப்படும்படி இல்லை. எரிபொருள் போகும் வழிக்கு மட்டும். திரும்பும் வழிக்கானதை இன்னொரு கப்பல் கொண்டுவந்து தரும் என்று ஏற்பாடு.

காகிதங்களின்படி நாங்கள் ஏற்றிச் செல்வது குழாய்களும் வால்வுகளும். காகிதங்களின்படி ‘நாங்கள்’ என்பதே தவறு. கப்பலில் நான் ஒருத்திதான்.

பதிவு எதுவும் வைக்கக் கூடாது என்று உத்தரவு. பதிவு எழுதாமல் கப்பல் ஓட்டி எனக்குப் பழக்கமில்லை. இதை எடுத்து வாசிப்பவருக்குச் சொல்லிவிடுகிறேன்: உள்ளறையில் ஒரு பயணி இருக்கிறார். அபயாம்பிகை, ஓய்வுபெற்ற தூதர், வயது எழுபத்தொன்று. கொடைக்கானலில் ஒரு மருத்துவமனையில் படுத்திருப்பதாக அவர் மகன்கூட நம்பிக்கொண்டிருக்கிறார். உண்மையில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறார். கப்பல் முழுக்க அந்த வாசனை. சுத்திகரிப்பு எந்திரம் அதை மட்டும் எடுப்பதில்லை.

பயண நாள் 115, மாலை 17:10

ஏழாம் நிலையத்தில் இணைந்தோம். ஒரு காலத்தில் தாது உருக்கிய இடம். கைவிட்டு முப்பது வருடம் ஆகிறது. இன்னும் சுழல்வதால் எடை இருக்கிறது, கால் தரையில் நிற்கிறது. ஓர் அறையில் மட்டும் காற்று நிலைக்கிறது.

பின்னணி. இங்கிருந்து ஒன்பது நாள் தொலைவில் வெள்ளிப்பாறை. பாறையைக் குடைந்த குடியிருப்பு, அதன்மேல் ஒரு கண்ணாடிக் கூரை, நாற்பதாயிரம் பேர். பனிக்கட்டியை வெட்டிப் பூமிக்காரர்களின் நிலவுத் தளங்களுக்கு அனுப்புகிறவர்கள். வெட்டும் தண்ணீரில் பங்கு கேட்டார்கள், கிடைக்கவில்லை. பூமியின் நீர்க்கப்பல்களைப் பிடித்து, மாலுமிகள் இருநூறு பேரைக் கூரைக்குக் கீழே வைத்துக்கொண்டார்கள். பூமியின் படை வந்து சுற்றி நிற்கிறது. மாலுமிகள் உள்ளே இருப்பதால்தான் இன்னும் சுடவில்லை.

பேசவே மாட்டோம் என்று இரு தரப்பும் ஊரறியச் சொல்லிவிட்டன. ஆகவே பூமிப் பேரவையின் செயலர் கலியமூர்த்தி யாருக்கும் தெரியாமல் அபயாம்பிகை மேடத்தை அனுப்பியிருக்கிறார். பேரவையில் இது தெரிந்தவர் அவர் ஒருவரே.

வெள்ளிப்பாறையின் ஆள் எங்களுக்கு முன்பே வந்துவிட்டார். தவராசா, அவர்களுடைய மன்றத்தில் உறுப்பினர். இரண்டு பேர் உட்காரும் சின்ன வள்ளத்தைத் தனியாக ஓட்டி வந்திருக்கிறார். கதவருகே நின்றபடி சொன்னார்:

“வாங்கோ அம்மா. கதிரை ஒண்டுதான் கிடக்கு. நீங்கள் இருங்கோ.”

“வேண்டாம், ரெண்டு பேரும் நின்னே பேசுவோம். என் முழங்கால் வலிக்க ஆரம்பிச்சா சீக்கிரம் முடிஞ்சிடும்.”

அவர் சிரித்தார். அந்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை காலம் ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பயண நாள் 119, பிற்பகல் 14:45

முடிந்தது. கையெழுத்தாகிவிட்டது. எழுதவே சந்தோஷமாக இருக்கிறது.

வெட்டும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளிப்பாறைக்கு. மாலுமிகள் விடுதலை. படை திரும்பிப் போகும். இதெல்லாம் இரண்டே நாளில் முடிவாகிவிட்டது. யார் முதலில் என்பதில்தான் மீதி நாட்கள் போயின.

“முதல்ல மாலுமிகளை விடுங்க. அவங்க வெளியே வந்ததும் படை திரும்பும். செயலர் எனக்குக் கொடுத்த வாக்கு இது. நான் உங்களுக்குத் தர்றேன்” என்றார் மேடம்.

“எங்களிட்ட இருக்கிறது அது மட்டும்தானே அம்மா. அதையும் தந்தால் வெறுங்கை.”

“தெரியும்.”

 தவராசா சம்பந்தமே இல்லாமல் கேட்டார்: “உங்களுக்குப் பேரப்பிள்ளையள் இருக்கினமோ?”

“ரெண்டு.”

“எனக்கும் ரெண்டு. மகள் சுகிர்தாவின்ர பிள்ளையள். கூரைக்கு நேர கீழதான் வீடு.”

அதன் பிறகு கையெழுத்துப் போட்டார். தன் மன்றத்தை ரேடியோவில் அழைத்தார். மன்றத் தலைவி புனிதவதியின் குரல் தெளிவாக வந்தது.

“தவராசண்ணை, பூமிக்காரர் சொல்லுறதை நீங்கள் நம்புறியளோ?”

“பூமியை விடு. இந்த மனிசியை நம்புறன்.”

மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உடன்பாடு ஆயிற்று என்ற குறிச்சொல்லைச் செயலரின் தனி அலைவரிசையில் அனுப்பினேன். போக இருபது நிமிடத்துக்கு மேல், வரவும் அதே அளவு. பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

பயண நாள் 120, காலை 09:20

மாலுமிகளை விட்டுவிட்டார்கள். இருநூறு பேரும் கூரையைவிட்டு வெளியேறிப் படைக்கப்பல்களில் ஏறினார்கள். அவர்கள் கத்தி ஆர்ப்பரித்தது எங்கள் ரேடியோவரை கேட்டது. யாரோ ஒருவன் தன் மனைவியின் பெயரைத் திரும்பத் திரும்பக் கூவினான்.

தவராசா தான் கொண்டுவந்த காய்ந்த காளானை வறுத்தார். மூவரும் சாப்பிட்டோம்.

செயலரிடமிருந்து பதில் இல்லை. மூன்று முறை அனுப்பிவிட்டேன். எரிபொருள் கப்பல் ரேடாரில் தெரியவில்லை. படையும் நகரவில்லை.

“பேரவைல எல்லாத்துக்கும் நேரமாகும்” என்றார் மேடம். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

பயண நாள் 121, காலை 08:00

பூமியின் பொதுச் செய்தி கிடைத்தது. நாங்கள் கையெழுத்துப் போடுவதற்கு இரண்டு நாள் முன்பே செயலர் கலியமூர்த்தியைப் பதவியிலிருந்து இறக்கிக் காவலில் வைத்துவிட்டார்கள். குறிச்சொல்லைக் கேட்க அந்தப் பக்கத்தில் ஆளே இருந்திருக்கவில்லை. புதிய தலைமையின் அறிக்கை: “வெள்ளிப்பாறையோடு எந்தப் பேச்சுவார்த்தையும் நடைபெறவில்லை. நமது உறுதியைக் கண்டு அஞ்சி, கிளர்ச்சியாளர்கள் தாமாகவே மாலுமிகளை விடுவித்துள்ளனர்.”

மேடம் எழுந்து நேரே என் இருக்கைக்கு வந்தார். “எல்லா அலைவரிசையையும் திறங்க ரெஜினா. இனிமே என்ன ரகசியம்.”

திறந்தேன். தன் பெயர், தன்னை அனுப்பியவர் பெயர், உடன்பாட்டின் ஒவ்வொரு வரி என்று எல்லாவற்றையும் சொன்னார். குரல் தடுமாறவே இல்லை. நாற்பது வருடம் இதையே தொழிலாகச் செய்தவர்.

பயண நாள் 121, பிற்பகல் 13:30

பதில் வந்துவிட்டது. பேரவைப் பேச்சாளர்: “முன்னாள் தூதர் அபயாம்பிகை அம்மையார் சென்ற மாதம் கொடைக்கானலில் காலமானார். இப்போது ஒலிபரப்பாகும் குரல் போலியானது.”

அடுத்து மேடத்தின் மகனுடைய குரல். செய்தியிலேயே சேர்த்திருந்தார்கள். “எங்க அம்மா இறந்துட்டாங்க. காரியமெல்லாம் முடிஞ்சிடுச்சு. அவங்க குரலை வெச்சு விளையாடாதீங்க.”

மேடம் அசையாமல் நின்றார். தவராசா அந்த ஒற்றைக் கதிரையை நகர்த்திக் கொடுத்தார். இந்த முறை உட்கார்ந்தார்.

பயண நாள் 121, மாலை 16:15

மேடம் பொது அஞ்சல் அலைவரிசை வழியாகத் தன் மகனின் எண்ணுக்கே ஒரு செய்தி அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்.

“கண்ணா, அம்மா பேசறேன். நீ ஏழாவது படிக்கும்போது மாடிலேருந்து விழுந்து கை ஒடிஞ்சது. அப்பாகிட்ட சைக்கிள்லேருந்து விழுந்தேன்னு சொல்லச் சொன்ன. சொன்னேன். அது நம்ம ரெண்டு பேருக்கும்தான் தெரியும். நான்தாண்டா. உயிரோடதான் இருக்கேன். அதை மட்டும் வெளிய சொல்லு. இங்க நாற்பதாயிரம் பேர் இருக்காங்க.”

ஒரு மணி நேரத்துக்குள் பதில் வந்தது. பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம். மிகத் தாழ்ந்த குரல்.

“தெரியும்மா. முதல் வார்த்தையிலயே தெரிஞ்சிடுச்சு. வீட்ல நாலு பேர் உக்காந்திருக்காங்க. பசங்களை ஸ்கூலுக்கு அனுப்ப விடல. நான் என்னம்மா பண்ணட்டும்? இனிமே கூப்பிடாத. ப்ளீஸ்.”

மேடம் அதை ஒரு முறைதான் கேட்டார். “அழிச்சிடுங்க ரெஜினா. யார் கைலயாவது கிடைச்சா அவனுக்கு ஆபத்து.” குரலை அழித்துவிட்டேன். இதை எழுதியிருக்கவும் கூடாதுதான். ஆனால் அவர் உயிரோடு இருந்தார் என்பதற்கு ஒரு சாட்சியாவது எங்காவது இருக்க வேண்டாமா?

பயண நாள் 122, காலை 10:40

புனிதவதி அழைத்தார். சுற்றிலும் ஒரே கூச்சல்.

“தவராசண்ணை, சுடத் தொடங்கீட்டினம். ஆக்களைக் கீழ்ச் சுரங்கத்துக்கு இறக்கிக்கொண்டிருக்கிறம். எல்லாரையும் இறக்க நேரம் காணாது. சுகிர்தாவைத் தேடி ஆள் அனுப்பினனான், இன்னும்…”

அவ்வளவுதான். அலைவரிசையில் இரைச்சல் மட்டும்.

தொலைநோக்கியை வெள்ளிப்பாறை பக்கம் திருப்பினேன். நேற்றுவரை அங்கே ஒரு பொட்டு வெளிச்சம் தெரியும், கூரைக்குள் எரியும் விளக்குகள். இப்போது அதைச் சுற்றிப் புகைபோல ஏதோ பரவியிருக்கிறது. புகை அல்ல. உள்ளே இருந்த காற்று, வெளியே வந்து உறைந்தது.

தவராசா என்னிடம் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

பயண நாள் 122, பிற்பகல் 15:00

மேடம் தவராசா முன்னால் தரையில் உட்கார்ந்தார். அந்த முழங்காலோடு எப்படி உட்கார்ந்தார் என்று தெரியவில்லை.

“நான்தான் முதல்ல விடச் சொன்னேன்” என்றார்.

“ஓம்.”

“என்னைத் திட்டுங்க.”

“திட்டி என்ன அம்மா செய்யிறது? நீங்கள் பொய் சொல்லேல்லை. அது எனக்குத் தெரியும்.” பிறகு, “பொய்யெண்டால் சுகமாய் இருந்திருக்கும்” என்றார்.

பயண நாள் 123, காலை 07:30

தவராசா புறப்படுகிறார். கீழ்ச் சுரங்கத்தில் ஆட்கள் இருப்பார்கள் என்கிறார். கதவுகள் தாங்கியிருந்தால், காற்று பத்து நாள் நிற்கும் என்கிறார். அவர் மகள் அங்கே இருக்கிறாரா என்று அவர் சொல்லவில்லை. 

வலம்புரியில் மிச்சம் இருந்த எரிபொருளை வடித்து வள்ளத்துக்கு ஏற்றினேன். இந்தக் கப்பல் இனி எங்கும் போகாது. அந்த எரிபொருளை வைத்துக்கொண்டிருந்தாலும் பூமிக்குப் பாதி வழிகூட வந்திருக்காது.

வள்ளத்தில் இன்னோர் இருக்கை இருந்தது. மேடம் என்னைப் போகச் சொன்னார்.

“நீங்க சின்னவங்க. நான் இங்க இருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன்.”

“நான் அங்க போயி என்ன மேடம் சொல்லுவேன்? கையெழுத்து உங்களுது. ரேடியோ எனக்குத்தான் ஓட்டத் தெரியும். நீங்க போங்க.”

“சரி, நானே போறேன். படை அங்கேயே நிக்குது ரெஜினா. எங்களைச் சுட்டுடுவாங்க.”

“அப்ப ஏன் போறீங்க?”

“சுடட்டும். ஒரு கிழவனும் கிழவியும் வர்றாங்கன்னு பார்த்துட்டுச் சுடட்டும். செத்துப்போனவன்னு சொன்னவளை இன்னொரு தடவை சாகடிக்கட்டும்.”

கதவு மூடும் முன் என் கன்னத்தைத் தொட்டார். கையில் அந்தத் தைல வாசனை. தவராசா, “போயிட்டு வாறம் பிள்ளை” என்றார். எல்லா ஊரிலும் அப்படித்தான் விடைபெறுகிறோம். அதை அவர் எப்படிச் சொன்னார் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

பயண நாள் 127, காலை 11:00

ஐந்து நாளாக ஒரே செய்தியை ஒலிபரப்புகிறேன். உடன்பாட்டின் வரிகள், மூவரின் பெயர்கள். யாரும் பதில் தரவில்லை.

வள்ளம் நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தது. மேடத்தின் குரல் கடைசியாகச் சொன்னது: “ரெண்டு கப்பல் எங்க பக்கம் திரும்புது. எங்க பேரைச் சொல்லிக்கிட்டே இருக்கேன்.” அதன் பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் இரைச்சல்தான்.

அழுதேன். அழுது முடித்துவிட்டு ஒலிபரப்பை மறுபடி தொடங்கினேன்.

பயண நாள் 128, பிற்பகல் 12:05

ஒரு போர்க்கப்பல் வருகிறது. வெறும் கண்ணுக்கே தெரிகிறது. அழைக்கிறது.

“ஏழாம் நிலையம். இங்கிருந்து அங்கீகாரமற்ற ஒலிபரப்பு வருகிறது. நிலையத்தில் யாரும் இல்லை என்பதை உறுதி செய்கிறோம். இருந்தால் பதில் தரவும்.”

பதில் தந்தேன். ரெஜினா மோத்தா, ஓட்டுநர், தூத்துக்குடி, உரிம எண். தனியாக இருக்கிறேன், ஆயுதம் இல்லை.

12:09

அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்கிறார்கள். ஒரு சொல்கூட மாறவில்லை. நானும் திரும்பச் சொன்னேன். கருவியைச் சரிபார்த்தேன். என் ஒலிபரப்பி நன்றாக வேலை செய்கிறது.

12:13

மூன்றாவது முறை. கத்திச் சொன்னேன். “ஐயா, இங்க ஆள் இருக்கு. நான் பேசுதது கேக்குதா?”

பேசி முடித்ததும் அவர்கள் ஒலிவாங்கியை அணைக்க மறந்துவிட்டார்கள் போல. உள்ளே பேசுவது கேட்டது. ஓர் இளம் குரல், நடுங்கிக்கொண்டு: “சார், ஒரு பொம்பளை பேசறாங்க.”

இன்னொரு குரல், சாதாரணமாக: “பதில் இல்லைன்னு எழுது.”

விசைகளைத் தட்டும் சத்தம். பிறகு அந்த இளம் குரல்: “எழுதிட்டேன் சார்.”

12:15

அவர்களின் கப்பலில் ஒரு கதவு திறக்கிறது. உள்ளே ஒரு சின்ன விளக்கு, சிவப்பு. நான் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன், என் பெயர் ரெஜினா மோத்தா, அவர் பெயர் அபயாம்பிகை, இவர் பெயர் தவரா