மெம்பருக்குச் சொன்ன நாலு வார்த்தை

விழுப்புரம், 1937, ஆவணி, செவ்வாய் இரவு

வெட்கக்கேடு. இன்று ஒரு டெல்லி சட்டசபை மெம்பரின் முகத்துக்கு நேரே அவருடைய சாவைப் பற்றிப் பேசிவிட்டேன்.

இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகளின் கமிஷனைக் குறைக்க டெல்லியில் சட்டம் வருகிறது. வந்தால் ஊர் ஊராக அலைகிற எங்கள் பிழைப்பு போச்சு. அந்த மெம்பர் இன்று ரயிலில் மதராசுக்குப் போனார். விழுப்புரத்தில் அவரைக் கூட்டம் சூழ்ந்துகொள்ளும் என்று, திண்டிவனத்தில் வண்டி நிற்கிற நேரத்துக்குள் மனுவைக் கொடுத்து நாலு வார்த்தை சொல்ல, வாய் நீளம் என்று மற்ற ஏஜெண்டுகள் என்னை அனுப்பினார்கள்.

மெம்பர் ஜன்னல் வழியாக, “சொல்லுங்க” என்றார். பழக்கதோஷம், வாய் தானாக ஆரம்பித்துவிட்டது.

“ஐயா, நாளைக்கே உங்களுக்கு ஒண்ணு ஆயிடுச்சின்னா, வீட்டுல அம்மா இன்னா பண்ணுவாங்க?”

அவர் படாரென்று ஜன்னலைச் சாத்திவிட்டார். வண்டியும் நகர்ந்தது.

கூட வந்த கண்டமங்கலம் ஏஜெண்டு ஆசீர்வாதம் தலையில் அடித்துக்கொண்டார். “யோவ், அவருக்கு பாலிசி எழுதிக்கினு வரவாய்யா உன்னை இட்டாந்தோம்?”

“அவரு கையெழுத்து போட்டிருந்தா உனக்கும் பங்கு குடுத்திருப்பேன்யா.”

சிரித்தார். விழுப்புரம் திரும்புகிற வழியில்தான் உறைத்தது. டெல்லியில் கை தூக்குகிறவர்களில் எங்களுக்குத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். இனி யாரைப் போய்ப் பார்ப்பது? பேசாமல் மல்லாட்டைக் கடலை வியாபாரத்துக்குப் போகச் சொல்கிறாள் வீட்டுக்காரி. பேசாமல் எப்படிப் போவது? எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

மனு என்னிடமே இருக்கிறது. ஜன்னலில் மாட்டிக்கொண்ட என் துண்டு மட்டும் மெம்பரோடு மதராசுக்குப் போயிருக்கிறது.