இவர் கேட்பதே இல்லை

செவ்வாய், ஆகஸ்ட் 12, 1986
காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. பள்ளிக்குப் பாதிப் பிள்ளைகள் வரவில்லை.

சனிக்கிழமை எண்ணெய்ப்பனைத் தோட்டத்து மண்டபத்தில் பள்ளி விருந்து. நானும் என் வீட்டுக்காரரும் ஜாஸ் வாசிக்கிறோம். நான் கித்தார், இவர் டிரம்ஸ். பாடுபவர் கிடையாது, எழுதி வைத்த மெட்டும் கிடையாது. ஒருவர் வாசிப்பதைக் கேட்டு மற்றவர் அங்கேயே பதில் வாசிக்க வேண்டும். இவர் எங்கே கேட்கிறார்? நான் மெல்லக் குறைத்துக்கொண்டு வரும்போதுதான் இடி இடிக்கிறார்.

“நான் எறங்கி வரேன், நீங்க பாட்டுக்கு அடிச்சிக்கிட்டே போறீங்க.”
“நீ எங்க எறங்குன?”

என்ன திமிர்.

வாங்க வேண்டியவை: சீனி, மண்ணெண்ணெய், கித்தார் கம்பி.

வியாழன் 14
வெயில். பத்தாங் பெர்ஜுந்தாய் டவுன் கடைகளில் கித்தார் கம்பி இல்லை. தலைமையாசிரியர் வேறு: “டீச்சர், சினிமாப் பாட்டு ரெண்டு வாசிச்சா போதும்லா.” சிரித்து வைத்தேன்.

மாலை பக்கத்து வீட்டு மல்லிகா வந்தாள். “அக்கா, அண்ணனுக்கு எம்மேல கோவமா? பக்கத்துல நின்னு கூப்பிட்டேன், திரும்பவே இல்ல.”

அவள் போனதும் இவருக்கு இடப்பக்கம் நின்று மெதுவாகக் கூப்பிட்டேன். அசைவில்லை. வலப்பக்கம் போய்க் கூப்பிட்டேன். “என்ன?” என்றார்.

ஒத்திகையில் நான் உட்காருவது இடப்பக்கம். எண்ணெய் மில்லில் இவருக்கு இத்தனை வருடமாக இயந்திரச் சத்தத்தில் வேலை.

“எப்பலேர்ந்து?”
“போன தீவாளிக்கு முன்னால இருந்தே.”
“ஏன் சொல்லல?”
“சொன்னா டிரம்ஸ வித்துருங்கன்னு சொல்லுவ.”

சொல்லியிருப்பேன்தான். அதனால் இன்னும் எரிச்சல்.

வெள்ளி 15
லீவு. கோலசிலாங்கூர் கிளினிக். போன காது போனதுதானாம். மிச்சத்தைக் காப்பாற்ற மில் சத்தம் ஆகாது, டிரம்ஸும் ஆகாது. பஸ்ஸில் திரும்பினோம். இறங்கியதும், “மில்ல விட்டுர்றேன்,” என்றார்.

“சோத்துக்கு?”
“லோரி ஓட்டுறேன். டிரம்ஸ விட முடியாது.”

நடுரோட்டிலேயே வாயில் வந்தபடி திட்டினேன். ஒரு மலாய்க்காரம்மா நின்று வேடிக்கை பார்த்தார். கடைசியில் ஒப்பந்தம்: வாரம் ஒரு நாள், காதில் பஞ்சு, குச்சி கிடையாது, சத்தம் குறைந்த கம்பி பிரஷ் மட்டும்.

சனி 16
மண்டபத்தில் இவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தேன். சின்னதாக ஒரு வரி வாசித்தேன். அதையே கொஞ்சம் மாற்றி பிரஷ்ஷால் திருப்பிச் சொன்னார். இவர் கேட்டுவிட்டார். நிறுத்தினேன். இவரும் நிறுத்தினார். அந்த அமைதியில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “முடிஞ்சிருச்சா? சாப்பாடு போட்டாங்களா?”

மண்டபமே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் அதன் தாளத்தைப் பிடித்துக்கொண்டார். நான் பின்னாலேயே ஓடினேன். எங்கெங்கோ போனோம். தலைமையாசிரியர் முகத்தை நான் பார்க்கவே இல்லை. கை தட்டியது பாதிப் பேர். மீதிப் பேர் சாப்பாட்டு வரிசையில்.

ஞாயிறு 17
மேகமூட்டம். மில்லுக்குள்ளிருந்து லோரிக்கு வேலை மாற்றக் கேட்டு மில் மேனேஜருக்கு மனு. மலாய் மொழியில் நான்தான் எழுத வேண்டுமாம். எழுதினேன். கையெழுத்துப் போடப் போனவர் நிமிர்ந்து பார்த்தார்.

“என்னப் பாத்தா பாவமா இருக்கா?”
“எரிச்சலா இருக்கு.”

“அது போதும்,” என்று கையெழுத்துப் போட்டார்.